விசார்ட்ரி 4: கதவே இல்லாத ரூம்ல ஆரம்பிச்ச கேம்

கேமை போட்டதும் ஒரு ரூம். நாலு பக்கமும் சுவர், கதவும் இல்ல, படியும் இல்ல. தரையில அஞ்சு முனை நட்சத்திரம் ஒண்ணு கோலம் மாதிரி வரைஞ்சிருக்கு, அவ்ளோதான். சுவத்துல முட்டிப் பார்க்கலாம், திரும்பி திரும்பி நடக்கலாம், ஒண்ணும் நடக்காது. 1987ல ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக காசு குடுத்து இந்த கேமை வாங்கிட்டுப் போன ஆளுங்கள்ல ஒரு கூட்டம் இந்த ரூமோடயே நின்னுடுச்சு. பத்து மாடி இருக்கற கேம்ல அவங்க பார்த்தது ஒரு ரூம்தான்.

கேம் பேரு விசார்ட்ரி 4: த ரிட்டர்ன் ஆஃப் வெர்ட்னா. இதுவரைக்கும் வந்த கம்ப்யூட்டர் ஆர்பிஜில, அதாவது ஆளுங்களை உருவாக்கி வளர்த்து ஆடற கேம்கள்ல, கஷ்டமானது எதுன்னு பேச்சு வந்தா இந்தப் பேரு வராம போகாது. பொதுவா "டிசைனர் கொடூரமான ஆளுப்பா"ன்னு சொல்லி சிரிச்சுட்டு முடிச்சுடுவாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. 1982லயே ஆரம்பிச்ச ஒரு பழக்கம் படிப்படியா வந்து முட்டின சுவர்தான் இதுன்னு நான் நினைக்கிறேன், ஏன்னு விலாவாரியா எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும்.

முதல் பாகத்துல இருந்து வருவோம்

1981ல விசார்ட்ரி முதல் பாகம் வந்துச்சு. எழுதினது ரெண்டு பேர், ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் வுட்ஹெட், ரெண்டு பேரும் கார்னெல் யுனிவர்சிட்டி பசங்க. அந்தக் காலத்துல பிளேட்டோன்னு ஒரு பெரிய கம்ப்யூட்டர் நெட்வொர்க் இருந்துச்சு, பாடம் நடத்தறதுக்காக கட்டினது, ஸ்டூடண்ட்ஸ் அதுல ராத்திரி பகலா டஞ்சன் கேம், அதாவது பாதாளச் சுரங்கத்துல அரக்கர்களோட சண்டை போடற கேம், ஆடிக்கிட்டு இருந்தாங்க. அந்த அனுபவத்தை வீட்டு மெஷினுக்குள்ள கொண்டு வந்ததுதான் விசார்ட்ரி. பாஸ்கல் லாங்வேஜ்ல எழுதி, நியூயார்க் மாநிலத்துல ஆக்டன்ஸ்பர்க்னு ஒரு சின்ன ஊர்ல இருந்த சர்-டெக் கம்பெனி மூலமா வெளிய விட்டாங்க.

தரைக்கு கீழ பத்து மாடி, ஒவ்வொண்ணும் 20க்கு 20, அதாவது மாடிக்கு 400 கட்டம். ஸ்கிரீன்ல ஒரு சின்ன ஜன்னல்ல வெறும் கோடு கோடா சுவர் தெரியும். மேப் கேமுக்குள்ள கிடையாது, கிராஃப் நோட்டை பக்கத்துல வச்சுக்கிட்டு நாமதான் ஒவ்வொரு கட்டமா வரையணும். வரைஞ்சுக்கிட்டே போகும்போது ஒரு கட்டத்துல கால் வச்சா ஆளை அப்படியே சுத்தி விட்டுடும், எந்தப் பக்கம் பார்த்து நிக்கிறோம்னே தெரியாது, அதுக்கப்புறம் பத்து கட்டம் வரைஞ்சதெல்லாம் தப்புன்னு ரொம்ப லேட்டாதான் புரியும். ஆறு பேரு கொண்ட பார்ட்டி. ஒருத்தன் செத்தா அது உடனே ஃபிளாப்பில எழுதிடும், பழைய சேவ்-ஐ லோட் பண்ணிக்கலாம்ங்கற பேச்சே இல்ல. கோயில்ல காசு கட்டி உயிர்ப்பிக்கலாம், அது ஃபெயில் ஆனா ஆள் சாம்பல், சாம்பலும் ஃபெயில் ஆனா ஆளே லிஸ்ட்ல இருந்து காலி. மாலோர்னு ஒரு டெலிபோர்ட் மந்திரம் உண்டு, கணக்கு தப்பாகி பாறைக்குள்ள போய் இறங்கினா மொத்த பார்ட்டியும் போச்சு. இப்படி ஒரு கேமை ஜனங்க கொண்டாடினாங்க. வித்துத் தள்ளுச்சு.

பத்தாவது மாடியில இருக்கற வில்லன் பேரு வெர்ட்னா. அவன்கிட்ட இருக்கற தாயத்தை எடுத்துட்டு வரச் சொல்லி அனுப்பற கிறுக்கு ராஜா ட்ரெபோர். ஆங்கில எழுத்துல ஆண்ட்ரூங்கறதை பின்னாடி இருந்து படிச்சா வெர்ட்னா, ராபர்ட்டை திருப்பினா ட்ரெபோர். ரெண்டு டெவலப்பரும் தங்களையே கேமுக்குள்ள எதிரியா உக்கார வச்சுக்கிட்டாங்க.

பழைய டிஸ்க் இருந்தாதான் டிக்கெட்

1982ல ரெண்டாம் பாகம், நைட் ஆஃப் டைமண்ட்ஸ். அதே இன்ஜின், அதாவது கேமை ஓட்டற அதே அடிப்படை புரோகிராம், அதே கோடு போட்ட சுவர், இந்தத் தடவை ஆறு மாடி. அதை ஆடணும்னா முதல் பாகத்துல நீங்க வளர்த்த ஆளுங்களைத்தான் கூட்டிட்டு வரணும். புது ஆளை உருவாக்கறதுக்கு வேற வழி வைக்கல. அதாவது முதல் பாகம் வாங்காதவன் ரெண்டாம் பாகம் வாங்கி பிரயோஜனமே இல்ல, வாங்கியும் அதுல பாதியில விட்டவன் வந்தா முதல் மாடியிலயே அடி வாங்கி சாவான். சர்-டெக் இதை தனி கேம்னே சொல்லல, சினாரியோன்னுதான் சொன்னாங்க, டேபிள்ல உக்காந்து ஆடற டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ல அடுத்த கதைப் புத்தகம் வாங்கற மாதிரி.

1983ல மூணாவது, லெகசி ஆஃப் லில்கமின். இதுலயும் பழைய டிஸ்க் வேணும். ஆனா பழைய ஆளுங்க நேரா வர முடியாது, அவங்களோட வாரிசுங்க ஒண்ணாவது லெவல்ல இருந்து ஆரம்பிப்பாங்க. கூடவே இன்னொரு சிக்கலையும் சேர்த்தாங்க. சில மாடிக்கு நல்லவங்க பார்ட்டிதான் போக முடியும், சில மாடிக்கு கெட்டவங்க பார்ட்டிதான், ஸோ ரெண்டு செட் ஆளுங்களை வளர்த்தாத்தான் கேம் முடியும். ஐடியா எனக்கு ரொம்ப பிடிக்கும், உழைப்பு டபுள் அது வேற விஷயம்.

இங்க ஒரு சின்ன கணக்கு போடுங்க. ரெண்டாம் பாகத்தை வாங்கப் போறவன் முதல் பாகம் வாங்கினவங்கள்ல ஒருத்தன். அதுலயும் முடிச்சவன் அல்லது முடிக்கற அளவுக்கு வளர்ந்தவன். மூணாவதுக்கு அதுலயும் கொஞ்சம் பேர். ஒவ்வொரு பாகமும் கடைக்குள்ள வர்ற வாசலை இன்னும் குறுகலா ஆக்குது. கம்பெனி பக்கம் இருந்து பார்த்தா ரிஸ்க் கம்மி, இன்ஜின் ரெடி, கஸ்டமர் ரெடி, வீட்டு அட்ரஸ் கூட கையில இருக்கு. ஆனா புதுசா ஒருத்தனும் உள்ள வர்றதில்ல.

நாலு வருஷம்

மூணாவது வந்தது 1983, நாலாவது வந்தது 1987. இந்த நாலு வருஷத்துல உலகமே வேற ஆயிடுச்சு. 1985ல அல்டிமா 4 வந்து, ஆர்பிஜின்னா வில்லனைக் கொல்றது மட்டும் இல்ல, நல்ல மனுஷனா நடந்துக்கறதே குறிக்கோளா இருக்கலாம்னு காட்டுச்சு. 1986ல மைட் அண்ட் மேஜிக் முதல் பாகம், டஞ்சனுக்கு வெளிய ஒரு முழு உலகத்தையே கட்டி வச்சிருந்துச்சு. 1987 கடைசியில அட்டாரி எஸ்டிங்கற கம்ப்யூட்டர்ல டஞ்சன் மாஸ்டர், கோடு போட்ட சுவர் போய் கல்லு கல்லா சுவர், மவுஸால கல்லை எடுத்து எறியலாம், அரக்கன் உங்களுக்காக வெயிட் பண்ணமாட்டான்.

ஆனா இந்தக் கேஸுக்கு ரொம்ப முக்கியமான எதிராளி த பார்ட்ஸ் டேல். 1985ல இன்டர்ப்ளே பண்ணி எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்டது, டிசைன் மைக்கேல் கிரான்ஃபோர்ட். விசார்ட்ரியை அப்படியே எடுத்து கலர் அடிச்சு பாட்டுப் போட்ட கேம்னு கூட சொல்லலாம். அதுல ஒரு வேலை பண்ணியிருந்தாங்க பாருங்க. ஆப்பிள் வெர்ஷன்ல உங்க விசார்ட்ரி ஆளுங்களை நேரா இங்க கொண்டு வந்துக்கலாம்! போட்டிக் கம்பெனியோட டிஸ்க்ல இருந்து! 1986ல வந்த ரெண்டாம் பாகம், த டெஸ்டினி நைட், அதுலயும் இதே வசதி. ஆனா பழைய ஆள் இல்லேன்னாலும் பரவாயில்ல, புதுசா ஆளுங்களை உருவாக்கி ஆரம்பிக்கலாம். விசார்ட்ரி தன்னோட ஆளுங்களுக்கு மட்டும் பந்தி போட்டுக்கிட்டு இருந்த நேரத்துல பக்கத்து வீட்டுக்காரன் அந்த ஆளுங்களையும் கூப்பிட்டு, தெருவுல போற வர்றவனுக்கும் இலை போட்டுட்டான்.

ஆடுபுலி ஆட்டத்துல புலி பக்கம்

இந்த நிலமையில நாலாவது பாகம். டிசைன் பண்ணினது ரோ ஆடம்ஸ். இந்த ஆளைப் பத்தி தெரிஞ்சா கேம் பாதி புரிஞ்சிடும். அட்வென்ச்சர் கேம், அதாவது டைப் பண்ணி புதிர் விடுவிக்கற கேம், அதுல புலின்னு பேர் வாங்கினவர், ரிவ்யூ எழுதறவர், மத்தவங்க வாரக்கணக்கா திணற்றதை டக்குனு முடிக்கிற டைப். அவருக்கு கஷ்டம்னு படறது என்னவா இருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

கதை தலைகீழ். முதல் பாகத்துல செத்துப்போன வெர்ட்னா தன் கல்லறையில முழிச்சுக்கறான், நீங்கதான் அவன். சக்தி எல்லாம் போயிடுச்சு. பத்தாவது மாடியில இருந்து மேல ஏறி தாயத்தைத் திரும்ப எடுக்கணும். எதிரிங்க யாருன்னா நல்லவங்க, முதல் மூணு பாகத்துல நீங்க ஆடின அதே மாதிரி வீரர், சாமியார், மந்திரவாதி கொண்ட பார்ட்டிங்க. ஆடுபுலி ஆட்டத்துல காலங்காலமா ஆடு பக்கமே உக்காந்திருந்தவனை தூக்கி புலி பக்கம் வச்சு, புலியோட நகத்தையும் பிடுங்கிட்டா எப்படி இருக்கும், அது.

அந்த நட்சத்திரக் கோலத்துல நின்னா அரக்கர்களை கூப்பிடலாம், மூணு கூட்டம் வரைக்கும். சண்டையில அவங்களுக்கு நீங்க ஆர்டர் போட முடியாது, அவங்க இஷ்டத்துக்கு அடிப்பாங்க. சண்டை ஜெயிச்சா சேர்ந்து ஆளை வளர்க்கற எக்ஸ்பீரியன்ஸ் பாயிண்ட்னு ஒண்ணு கிடையவே கிடையாது. நூறு பேரைக் கொன்னாலும் வெர்ட்னா ஒரு இம்மி கூட வளரமாட்டான். அடுத்த மாடிக்குப் போய் அங்க இருக்கற கோலத்தைக் கண்டுபிடிச்சாத்தான் கொஞ்சம் சக்தி திரும்பும். எனக்கு கேமுல ரொம்ப பிடிச்சது இதுதான். முதல் பாகத்துல கஷ்டம் வந்தா ஒரு மருந்து இருந்துச்சு, மர்ஃபீஸ் கோஸ்ட்னு ஒண்ணு முதல் மாடியில ஒரே இடத்துல வரும், அதை அடி அடின்னு அடிச்சு லெவல் ஏத்திக்கலாம், புத்தியே வேண்டாம் பொறுமை போதும். நாலாவதுல அந்த மருந்தை எடுத்துட்டாங்க. டஞ்சன் கேமோட சட்டையைப் போட்டுக்கிட்டு வந்த புதிர் கேம் இது.

சேவ் பண்ற விஷயமும் அப்படித்தான். சேவ் பண்ணினா அந்த மாடியில நீங்க கொன்ன நல்லவங்க எல்லாம் உயிரோட எழுந்துடுவாங்க. சேவ் இலவசம் இல்ல, விலை குடுக்கணும். 2011ல டார்க் சோல்ஸ் வந்து, நெருப்பு பக்கத்துல உக்காந்தா எதிரிங்க எல்லாம் திரும்ப வருவாங்கன்னு வச்சப்ப உலகமே ஆகா ஓகோன்னுச்சு, கிட்டத்தட்ட இதே பேரத்தை இந்த கேம் 24 வருஷம் முன்னாடி பேசி முடிச்சிருந்துச்சு. டார்க் சோல்ஸ் காரங்க இதைப் பார்த்து எடுத்தாங்கன்னு நான் சொல்லல, பேரம் ஒண்ணுதான்னு சொல்றேன்.

இதுக்கு மேல ட்ரெபோரோட பேய். அது மாடியில சுத்திக்கிட்டே இருக்கும், உங்க மேல வந்து மோதினா சண்டையெல்லாம் கிடையாது, நேரா சாவு.

அந்த ரூமுக்கு திரும்ப வருவோம்

விடை இதுதான், முப்பது வருஷத்துக்கும் மேல ஆச்சு, சொன்னா தப்பில்ல. கோலத்துல கூப்பிடற லிஸ்ட்ல சாதாரண ஒண்ணாம் லெவல் சாமியார் கூட்டம் ஒண்ணு இருக்கும். பார்க்க சப்பையா இருக்கும், யாரும் எடுக்கத் தோணாது. அவங்களுக்கு மில்வான்னு வெளிச்சம் குடுக்கற மந்திரம் தெரியும். முதல் பாகத்துல மில்வா போட்டா வெளிச்சம் மட்டும் வராது, சுவத்துல ஒளிஞ்சிருக்கற ரகசியக் கதவும் தெரியும். ஸோ சாமியாரைக் கூப்பிடு, வெளிச்சம் வரும், கதவு தெரியும், வெளிய போ.

நான் இதை எமுலேட்டர்ல, அதாவது பழைய கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கற சாஃப்ட்வேர்ல ஆடினேன், முதல் தடவை ரெண்டு சாயங்காலம் அந்த ரூம்லயே உக்காந்திருந்தேன். பலமா இருக்கற அரக்கனா பார்த்துப் பார்த்து எடுத்தேன், எல்லாரும் எடுக்கற தப்பு. அப்புறம் கேமை மூடிட்டு முதல் பாகத்தை மறுபடியும் எடுத்து ஆடிக்கிட்டு இருந்தப்ப, ஒரு நீள வழியில மில்வா போட்டதும் சுவத்துல திடீர்னு கதவு ஒண்ணு தெரிஞ்சுச்சு பாருங்க, நான் அப்படியே எழுந்து நின்னுட்டேன். இந்தப் புதிர் ஞாயமானது. தேவையான எல்லாத்தையும் ஆறு வருஷம் முன்னாடியே சொல்லிக் குடுத்துட்டு, ஞாபகம் இருக்கான்னு கேக்கறான்.

ஆனா பாதி ஞாயம்தான். விடை தெரிஞ்சு சாமியாரைக் கூப்பிட்டாலும் "மில்வா போடு"ன்னு சொல்ல முடியாது. சண்டை ஒண்ணு வரணும், அதுல அவங்களா மனசு வச்சு அந்த மந்திரத்தைப் போடணும். சரியான ஆளைக் கூப்பிட்டுட்டு, அவன் அந்த நேரம் பார்த்து வேற ஏதோ பண்ணிக்கிட்டு இருந்தான்னா, உங்க யோசனை தப்புன்னு நினைச்சு நீங்க அடுத்த யோசனைக்குப் போயிடுவீங்க. சரியான விடைக்கு தப்புன்னு மார்க் போடற வாத்தியார் மாதிரி. கஷ்டம்னு எல்லாரும் ஒரே வார்த்தையில சொல்றாங்களே, அதுக்குள்ள இந்த ரெண்டும் கலந்து கிடக்கு. ஞாபகத்தைக் கேக்கறது ஒண்ணு, பகடையை உருட்டிட்டு நம்ம மேல பழி போடறது இன்னொண்ணு. முதலாவதுக்கு நான் எவ்ளோ வேணா நேரம் குடுப்பேன். ரெண்டாவதுதான் ஆளை விரட்டுச்சுன்னு நினைக்கிறேன்.

மேல போகப் போக இன்னும் விபரீதம். கண்ணுக்குத் தெரியாத கண்ணிவெடி புதைச்ச மாடி ஒண்ணு. மேலும் கீழும் பின்னிப் பிணைஞ்ச காஸ்மிக் கியூப்னு ஒரு புதிர்க் கூண்டு, அதுல நான் போட்ட மேப்பை இப்ப எடுத்துப் பார்த்தா எனக்கே புரியல. முடிவும் ஒண்ணு இல்ல, பல முடிவு இருக்கு, அதுல உச்சமான முடிவுக்குப் போறதுக்கு யூத மறைஞானத்துல வர்ற உயிர் மரம் பத்தின அறிவு வேணும். இது கேமுக்குள்ள எங்கயும் கத்துக்குடுக்கற விஷயம் இல்ல. மில்வா புதிர் விசார்ட்ரி ஆடினவனோட ஞாபகத்தை சோதிச்சுச்சு. இது லைப்ரரிக்கு போனியான்னு கேக்குது. இங்க ரோ ஆடம்ஸ் தன்னை மாதிரி ஆளுக்கு கேம் பண்ண ஆரம்பிச்சுட்டாரு, என்னை மாதிரி ஆளை பின்னாடி விட்டுட்டாரு. நான் அந்த முடிவை கைடு பார்த்துத்தான் முடிச்சேன், வெக்கம் ஒண்ணும் இல்ல.

யாருக்காக பண்ணினாங்க

விசார்ட்ரி கரைச்சுக் குடிச்சவங்களுக்கான கேம்னு இதை மறைச்சு விக்கல, வெளிப்படையா சொல்லித்தான் வித்தாங்க. ஸோ ஏமாத்தினாங்கன்னு சொல்ல முடியாது. ஆனா அந்தக் கரைச்சுக் குடிச்சவன் 1983ல இருந்தவன். அப்ப காலேஜ் முதல் வருஷம் படிச்சவன் 1987ல வேலைக்குப் போயிருப்பான், கிராஃப் நோட்டு அம்மா வீட்டு பரண்ல இருக்கும், மில்வாங்கற வார்த்தையே மறந்திருக்கும். ஞாபகத்தை நுழைவுச் சீட்டா வச்ச கேம், ஞாபகம் மங்கற அளவுக்கு லேட்டா வந்துச்சு. அதே வேளையில புதுசா கம்ப்யூட்டர் வாங்கினவன் கடைக்குப் போனா ஒரு பக்கம் கலர் கலரா பார்ட்ஸ் டேல், இன்னொரு பக்கம் 1981 மாதிரியே கோடு போட்ட சுவரோட, உனக்கு இது வேண்டாம்னு சொல்ற விசார்ட்ரி 4.

இதுல ஒரு விசித்திரம் என்னன்னா நாலாவது பாகத்துக்கு பழைய டிஸ்க் தேவையில்ல, ஏன்னா ஆடறது வெர்ட்னாவா. டெக்னிக்கலா பார்த்தா, புது ஆள் நேரா வாங்கி ஆடக்கூடிய முதல் தொடர்ச்சி இதுதான்! டிஸ்க்ல இருந்த பூட்டை கழட்டிட்டு, அதை மண்டைக்குள்ள கொண்டு போய் மாட்டிட்டாங்க.

சர்-டெக்கும் புரிஞ்சுக்கிட்ட மாதிரிதான் தெரியுது. 1988ல வந்த அஞ்சாவது பாகம் டேவிட் பிராட்லி பண்ணினது, அதுல திரும்ப ஆறு பேர் பார்ட்டி, புது ஆள் உருவாக்கிக்கலாம், எக்ஸ்பீரியன்ஸ் பாயிண்ட் திரும்ப வந்துடுச்சு. 1990ல ஆறாவதுல இன்ஜினையே தூக்கிப் போட்டுட்டு புதுசா எழுதினாங்க.

ஜப்பான்ல இந்தக் கதை வேற மாதிரி போச்சு. அங்க விசார்ட்ரி கிட்டத்தட்ட சாமி மாதிரி, டிராகன் குவெஸ்ட்ங்கற பிரபலமான ஜப்பான் ஆர்பிஜி பிறந்ததுலயே அதுக்கு பங்கு உண்டு. நின்டெண்டோவோட ஃபேமிகாம்ங்கற வீட்டு கேம் மெஷினுக்கு இந்தத் தொடரைக் கொண்டு வந்தப்ப வரிசையையே மாத்திட்டாங்க, லெகசி ஆஃப் லில்கமின் அங்க ரெண்டாம் பாகம், நைட் ஆஃப் டைமண்ட்ஸ் மூணாம் பாகம். பழைய ஆளுங்க இல்லாம நைட் ஆஃப் டைமண்ட்ஸை நேரா அடுத்ததா விட்டா ஜனங்க தடுமாறுவாங்க, வாரிசுக் கதைன்னா ஒண்ணாம் லெவல்ல இருந்து ஆரம்பிக்கலாம், ஸோ திருப்பிப் போட்டது புத்திசாலித்தனம். அமெரிக்கால 1982லயே இதை யாராவது யோசிச்சிருந்தா... சரி விடுங்க. நாலாவது பாகம் ஃபேமிகாம் பக்கமே வரல. 1999ல பிளேஸ்டேஷன்ல நாலு, அஞ்சு ரெண்டையும் சேர்த்து ஒரே டிஸ்க்ல விட்டாங்க, அதுல நாலாவதுக்கு பழசை அப்படியே ஆடறதுக்கு ஒண்ணு, மாத்தி அமைச்சது இன்னொண்ணுன்னு ரெண்டு வழி வச்சிருந்தாங்க.

இன்னொரு விஷயம் சொல்லாம விட்டுட்டேன். மாடி மாடியா வெர்ட்னாவை மடக்க வர்ற அந்த நல்லவங்க இருக்காங்களே, அவங்க பேரெல்லாம் விசித்திரமா இருக்கும், ஒருத்தன் பேரு கம்பீரமா, இன்னொருத்தன் பேரு பக்கத்து வீட்டு பையன் மாதிரி. அதுல பெரும்பாலானது டிசைனர் உக்காந்து யோசிச்ச பேரு இல்ல. முந்தின பாகங்களை ஆடினவங்க ஃபிளாப்பி கெட்டுப்போச்சுன்னா சர்-டெக்குக்கு தபால்ல அனுப்புவாங்க, என் ஆளுங்களை எப்படியாவது காப்பாத்திக் குடுங்கன்னு. அந்த டிஸ்குகள்ல இருந்த பேருங்களைத்தான் கம்பெனி எடுத்து நாலாவது பாகத்துல எதிரிங்களா வச்சிருக்கு. ராத்திரி முழிச்சு வளர்த்து, செத்து, கோயில்ல காசு கட்டி எழுப்பி, டிஸ்க் கெட்டு தபால்ல அனுப்பின அதே ஆளு, ஏழாவது மாடியில ஒரு திருப்பத்துல வாளோட நிக்கிறான். நீங்க வெர்ட்னா. அவன் உங்களைப் பார்த்துட்டான்.